கோழிகள் மேல் போட்ட பழி

ஏற்காட்டுக்குப் பறவைக் காய்ச்சலைக் கொண்டுவந்தது எங்கள் லாட்ஜின் பின்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த நாட்டுக்கோழிகள்தான் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. மூக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க், கையில் கக்கூஸ் கழுவும் ரப்பர் உறை, தலையில் குளிக்கும்போது போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பி என்று முழு அலங்காரத்தோடு நம்பினேன். அந்தக் கோலத்தை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் பாதிச் சிரிப்பிலேயே பல்லைக் கடிக்கிறேன். என் முட்டாள்தனத்தால் எனக்கு ஒரு முடிகூட உதிரவில்லை. அடி விழுந்தது வேறொருத்திக்கு.

நான் சேலத்துக்காரன். ஏரிக்கு மேலே, சரிவில் இருக்கும் ஒரு லாட்ஜில் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பவன், வெந்நீர் வரவில்லை என்று திட்டு வாங்குபவன், கரண்ட் போனால் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுபவன். போன மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் முதலாளிக்கு ஒரு ஞானோதயம் வந்தது. சாப்பாட்டு ஹாலில் ஏரியைப் பார்த்த சுவரை இடித்துவிட்டு, தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடியாக வைத்துவிட்டார். "உக்காந்து சாப்பிடறவனுக்கு ஏரி தெரியோணும்ப்பா, தட்டைப் பாக்கவே கூடாது" என்றார். எங்கள் சாம்பாரை ருசித்தவன் என்ற முறையில் அந்த யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது.

கேட்டில் ஒரு போர்டும் மாட்டினார். 'குளிர்காலப் பறவைகளைக் கண்டு களியுங்கள்.' எழுத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரையின் படம். ஏற்காடு ஏரியில் பூநாரை வந்து நின்றால் அது வழி தவறி வந்ததாகத்தான் இருக்கும். இங்கே குளிர்காலத்துக்கு வருகிறவை சின்னஞ்சிறு ஜீவன்கள். மழை விட்டு, எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் சிவக்க ஆரம்பிக்கும் நேரத்தில் வந்துசேரும். பக்கவாட்டில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற கொடிக்கால் வாலாட்டி வரும். பச்சை முதுகும் நீலத் தோளும் வாலடியில் சிவப்புமாக, யாரோ சாயப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டது மாதிரி இருக்கும் ஆறுமணிக்குருவி வரும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கத்துவதால் அந்தப் பெயர். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வருகிறதாம். வந்து இறங்கும்போது எலும்பும் தோலுமாக இருக்குமாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குக் குருவி என்றால் குருவி, அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடியைத் துடைப்பது அறை சுத்தம் செய்யும் அக்காவின் வேலை. மலைமேலேயே இருக்கும் தலைச்சோலைக் கிராமத்துக்காரர். அவருடைய அப்பா அம்மா காலத்திலிருந்தே எஸ்டேட் வேலை. லாட்ஜுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தங்கிக்கொண்டு வாரத்துக்கொரு முறை ஊருக்குப் போய்வருவார். கொட்டகையைச் சுற்றி அவருடைய கோழிகள். முட்டை விற்பார், சேவல் விற்பார், தலைச்சோலையிலும் டவுனிலும் அவர் முட்டைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கெஸ்டுகள் கண் விழிக்கும் முன்னால் கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். அதனால் விடிந்தும் விடியாததுமாக, பனியில் விரல் விறைக்க, வெளிப்பக்கமாக நின்று பழைய நியூஸ் பேப்பரால் அக்கா தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங் சார், கண்ணாடி தெனமும் இழுகுனாப்புல கெடக்குதுங். இந்தக் கொரங்குதான் வந்து நக்கிட்டுப் போவுதுன்னு நெனைக்கறன்."

"நக்கட்டும் அக்கா. உள்ள இருக்கிற உப்புமாவைவிடக் கண்ணாடி ருசியா இருக்கும்."

இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவர் துடைத்தார், நான் டீ குடித்தேன்.

முதல் குருவி கார்த்திகை கடைசியில் செத்துக் கிடந்தது. ஹாலுக்கு வெளியே, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் புல்தரையில். பச்சையும் நீலமுமாக. பக்கத்தில் அக்காவின் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. மிச்சச் சோற்றை அங்கேதான் சமையல் மாஸ்டர் கொட்டுவார் என்பதால் கோழிகளுக்கு அதுதான் சாப்பாட்டு ஹால். பூனை வேலை என்று நினைத்தேன். மறுநாள் ஒரு வாலாட்டி. அதற்கடுத்து ஒரு மரகதப்புறா. கடித்த காயம் இல்லை, ரத்தம் இல்லை. தூங்குகிற மாதிரி படுத்திருந்தன. மரகதப்புறாவின் கண்ணை ஒரு பெட்டைக்கோழி கொத்திக்கொண்டிருந்தது.

போனை எடுத்தேன். போனில் தேடினால் என்ன வரும்? தலைவலி என்று தேடினாலே மூளைக்கட்டி என்று சொல்லும் சனியன் அது. பறவைகள் செத்து விழுகின்றன என்று தேடினேன். வெளிநாட்டிலிருந்து வரும் குளிர்காலப் பறவை, நோய், கோழி, மனிதன் என்று ஒரே கோட்டில் போட்டுக் காட்டியது. அந்தக் கோட்டின் கடைசியில் நான் நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதல் குருவியை வெறுங்கையால் எடுத்துப் போட்டவன் நான்தானே!

பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு தூக்கிப் புல்தரை முழுக்கக் கொட்டினேன். கொட்டிய தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மல் வந்ததும் முடிவே கட்டிவிட்டேன். சேலத்துக்குப் போன் போட்டு என் மனைவியிடம், "பெரியவ கல்யாணத்தை நீதான் முன்னால நின்னு நடத்தோணும்" என்றேன்.

"அவ இப்பத்தான் ஒம்போதாவது படிக்கறா. உங்களுக்கு என்ன வந்துது?"

"தும்மல்."

"மிளகை இடிச்சுப் போட்டு வெந்நி குடிங்க. அப்பறம் அந்தப் போனைத் தூக்கி அந்த ஏரியில போடுங்க" என்று வைத்துவிட்டாள்.

சமையல் மாஸ்டரிடம் போய் முட்டை, கோழி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். அவர் என் தலைத் தொப்பியையும் ரப்பர் உறையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங் சார், ஆபரேசன் எங்கீங்க? உள்ளயா வெளியவா?"

"விளையாடாதீங்க மாஸ்டர். பறவைக் காய்ச்சல்."

"அப்ப பிரியாணிக்கு ஊறப்போட்டு வெச்சிருக்கற கோழியை எந்த ஆஸ்பத்திரியில சேர்க்கறதுங்க?"

கால்நடை மருத்துவரிடம் ஒரு குருவியை எடுத்துப்போய்க் காட்டியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அந்த யோசனை வராமல் இல்லை. முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன். கேட்டது என் தலையெழுத்து.

"டாக்டர்கிட்டப் போறயா? போ, போ. நாளைக்கே நாலு பேரு வருவான், லாட்ஜை மூடும்பான். சீசன்ல மூடிட்டு நீயும் நானும் ஏரியில படகு விடலாம். ஏப்பா, அந்தப் பொம்பளைகிட்டக் கோழி வேண்டாம்னு நான் எப்பவோ சொன்னேன்ல? இதான் சாக்கு. கோழியை வெளிய அனுப்பு. கோழி இல்லாம இருக்கறதுன்னா அவ இருக்கட்டும், இல்லீனா அவளும் போகட்டும். நீ வாயை மூடு."

சாக்கு என்ற அந்த வார்த்தை அன்றைக்கு என் காதில் சரியாக விழவில்லை. பயந்தவன் காது அப்படித்தான், தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்.

அக்காவிடம் சொன்னேன். அவர் கையில் பக்கெட்டோடு நின்றார்.

"என்ற கோழிக்கு நோவா? எதுக்குங் சார் நோவு? நேத்துக்கூட நாலு முட்டை நீங்கதான தின்னீங்க?"

அதை நினைவுபடுத்தியதும் எனக்கு மறுபடியும் தும்மல் வந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா சொல்றேன்."

"என்ற நல்லதை நான் பாத்துக்கறனுங். கோழியை ஓட்டீட்டு நான் மட்டும் இங்க இருந்து உங்க கண்ணாடியைத் தொடைக்கோணுமாக்கும்?" பக்கெட்டை அங்கேயே வைத்தார். மத்தியானத்துக்குள் கோழிகளைக் கூடையில் அடைத்து, துணிமணியை மூட்டை கட்டி, பஸ் ஏறிவிட்டார்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. முதலாளி வாயை மூடச் சொன்னது லாட்ஜைப் பற்றித்தானே, கோழியைப் பற்றி இல்லையே என்று நானே ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். டவுன் கறிக்கடையில் நின்று, "தலைச்சோலை அக்கா முட்டை கொண்டாந்தா வாங்காதீங்க, கோழிக்கு ஒரு மாதிரி நோவு" என்று ரகசியமாகச் சொன்னேன். கறிக்கடையில் ரகசியம் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். ஊரைக் காப்பாற்றிய பெருமிதத்தோடு திரும்பினேன்.

பெருமிதத்துக்குக் காரணமும் கிடைத்தது. கோழி போனதோடு சாவும் நின்றுவிட்டது! ஒருநாள் ஒரு குருவி கிடந்தது, அதற்கப்புறம் இல்லை. வாரம் ஓடியது, புல்தரை சுத்தமாகக் கிடந்தது. "பாத்தீங்களா மாஸ்டர்?" என்று மார்பைத் தட்டினேன். மாஸ்டரே கொஞ்சம் மிரண்டுபோய் மிளகு வெந்நீர் குடிக்க ஆரம்பித்தார்.

அக்கா போனபின் கண்ணாடியைத் துடைக்க ஆள் இல்லை. பனி படிந்து காய்ந்து, ரோட்டுப் புழுதி ஒட்டி, அது ஒரு பழுப்புத் திரை மாதிரி ஆகியிருந்தது. ஏரி மங்கலாகத் தெரிந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். அன்று ராத்திரி சென்னையிலிருந்து அவருக்கு வேண்டியவர்கள் குடும்பத்தோடு வருகிறார்களாம், பறவை பார்க்க, பெரிய பெரிய காமிராவோடு. கண்ணாடியைப் பார்த்ததும் கத்தினார்.

"என்னய்யா இது, மாட்டுக்கொட்டாய் ஜன்னலாட்டம்? ஆள் இல்லைன்னா உனக்குக் கை இல்லையா?"

கை இருந்தது. சாயங்காலம் முழுவதும் வினிகர் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அதற்குள் இன்னொரு ஏற்காடு இருந்தது. சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக்கொடி, பின்னால் வானம், எல்லாம் அச்சு அசலாக. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் டீயோடு நின்றிருந்தேன். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முக்கியமான கெஸ்டுகளுக்காகத் தயாராக. எதிரே மரக்கிளையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டு கிளம்பியது. நேராக என்னைப் பார்த்து வந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். டொப்.

ஆறுமணிக்குருவி. கீழே விழுந்து ஒரு இறக்கையை மட்டும் விரித்து மூடியது. ஐயோ என்று டம்ளரைப் போட்டுவிட்டு அதைத் தூக்க ஓடினேன். ஓடியது நேராக, குருவி வந்த அதே வழியில். கண்ணாடி நடுவில் இருப்பது எனக்கும் மறந்துவிட்டது. டொப்.

சமையல்கட்டிலிருந்து மாஸ்டர் ஓடிவந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் என் நெற்றித் திருநீறு மூன்று கோடாக அப்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில், வெளிப்பக்கம், இறக்கை விரித்த ஒரு குருவியின் அச்சு. மாவில் செய்த மாதிரி, ஒவ்வொரு இறகும் தனித்தனியாக.

"என்னங் சார், உங்களுக்கும் காய்ச்சலுங்களா?" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு அந்த அச்சைப் பார்த்தார். அதற்குமேல் அவரும் சிரிக்கவில்லை.

குரங்கு நக்கியது அல்ல அது. அக்கா தினமும் விடியலில் துடைத்துப் போட்டது இந்த அச்சைத்தான். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி பளபளத்தது, பளபளக்கப் பளபளக்கக் குருவிகள் அதைக் காடென்று நம்பி வந்து மோதின. அவர் போனபிறகு அழுக்குப் படிந்தது, குருவிகள் பிழைத்தன. அந்தப் புகழை நான் கோழிகளை விரட்டியதற்குக் கொடுத்து மார்பு தட்டிக்கொண்டேன்.

வெளியே போய்க் குருவியைக் கையில் எடுத்தேன். உறை இல்லாமல். சூடாக இருந்தது, அதன் நெஞ்சு என் விரலில் அடித்தது. எவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கும், எத்தனை மலை தாண்டியிருக்கும்! தாண்டி வந்து, சாம்பார் நன்றாக இல்லாததால் வைத்த ஒரு கண்ணாடியில் மண்டையை உடைத்துக்கொண்டது. அது என் கையிலேயே செத்தது.

முதலாளியிடம் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, கண்ணாடியிலிருந்த கறையைப் பார்த்தார்.

"துடைச்சுடு. அவங்க எந்திரிக்கறதுக்குள்ள."

"கண்ணாடியில முட்டித்தாங்க எல்லாம் சாகுது. கோழி இல்லைங்க. ஏதாச்சும் கோடு போடலாம், வலை கட்டலாம்..."

"எனக்குத் தெரியாதா? போட்ட மொத மாசமே ரெண்டு முட்டுனதை நானே பாத்தேன். எல்லாக் கண்ணாடியிலயும் ரெண்டு முட்டத்தான் செய்யும். அதுக்குன்னு வலை கட்டி ஏரியை மறைக்கறதா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தொப்பி மாட்டிக்கொண்டு ஆடியபோது தெரிந்திருக்கிறது. அக்கா கூடையோடு பஸ் ஏறியபோதும் தெரிந்திருக்கிறது.

அதற்குள் காமிராக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் என் கையிலிருந்ததைப் பார்த்து, "வாவ், பிட்டா!" என்று ஆறுமணிக்குருவியின் இங்கிலீஷ் பெயரைச் சொல்லித் துள்ளினார். வாங்கி, ஒரு காப்பி இலைமேல் அழகாகச் சாய்த்து வைத்து, உயிரோடு இருப்பது மாதிரி கழுத்தைத் திருப்பிவிட்டுப் படம் எடுத்தார். "இந்த சீசனோட முதல் பிட்டா எனக்கு" என்றார். அடித்திருப்பேன். மேனேஜர் சட்டை போட்டிருந்ததால் அடிக்கவில்லை. அந்தச் சட்டையின் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

அவர்கள் இட்லி தின்றுகொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு வாளிச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் மட்டையும் எடுத்துவந்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்தேன். உள்ளே முதலாளி வாய் திறந்து மூடுவது தெரிந்தது. கண்ணாடி கனம் என்பதால் சத்தம் வரவில்லை. கடைசிக் கோட்டை அவர் முகத்துக்கு நேராக இழுத்தேன். அதோடு என் வேலை போயிற்று. அதில் வீரம் ஒன்றுமில்லை, அக்கா போன அன்றே செய்திருக்க வேண்டியது.

அன்று மத்தியானமே தலைச்சோலைக்குப் போனேன். அக்கா ஒரு எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தார். மற்ற பெண்கள் வரிசையில் ஒட்டி ஒட்டி நின்று பறிக்க, அவர் மட்டும் தள்ளி, தனியாக. அவர் தண்ணீர்க் குடமும் தனியாக ஒரு செடியடியில் இருந்தது. என் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். பறிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"கோழியெல்லாம் எங்கீங்க அக்கா?"

"அடிவாரத்துக் குப்பனூர் ஏவாரி வந்தான், கிடைச்ச வெலைக்குக் குடுத்துப்போட்டேன். இந்த ஊர்ல ஆரு வாங்குவா? என்ற ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்கவே ஆளில்லீங். நோவுக்காரின்னு பேரு." ஒரு கை பழத்தைக் கூடையில் போட்டார். "கோழி போச்சுன்னா அடை வெச்சுக்கலாம். பேரை எந்த முட்டையை வெச்சுங் பொரிக்கறது?"

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"எங்கிட்ட வந்து சொன்னா ஆச்சுங்களா? எனக்குத் தெரியாதா என்ற கோழியை? சாயங்கால பஸ்ஸுல எங்க ஊருச் சனம் அத்தனையும் டவுன்ல இருந்து வரும். அதுல ஏறுங்க. கறிக்கடையில சொன்னீங்களாமே, அதைவிடச் சத்தமாச் சொல்லுங்க. நானும் வாரேன், கேக்கோணும்."

அவர் வேலை முடிந்ததும் இருவருமாக டவுனுக்குப் போனோம்; சாயங்காலம் அங்கிருந்து அவரோடு பஸ் ஏறினேன். நிற்க இடமில்லை. கோழிக்கூடை, அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பை. வாழ்நாள் முழுக்க நான்கு பேர் கூடினால் நகைச்சுவை சொல்லிச் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியதும் தொண்டையைச் செருமினேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. நான் அந்த லாட்ஜ் மேனேஜர். இந்த அக்கா கோழிக்கு நோவுன்னு சொன்னவன் நான்தான்."

டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார்.

"நான் சொன்னது பொய்யிங்க. கோழிக்கு ஒண்ணும் இல்லை. குருவியெல்லாம் எங்க லாட்ஜ் கண்ணாடியில முட்டித்தான் செத்துது. முட்டுனதை என்ற கண்ணால பாத்தேன். நானும் போய் முட்டுனேன், இங்க பாருங்க" என்று நெற்றியைக் காட்டினேன்.

யாரோ சிரித்தார்கள். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா, "அட எழவே, குருவிக்குத்தான் கண்ணு தெரியல, இவருக்கு என்ன கேடு?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் அவருக்கு எதிர்சீட்டிலிருந்த ஒரு பெண், "அப்ப முட்டை இருக்குதா அக்கா?" என்று கேட்டார்.

"கோழியே இல்லியே கண்ணு" என்றார் அக்கா.

கோழிகளுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. அவை குப்பனூர் வழியாக இறங்கிப்போய், யார் யார் வீட்டிலோ குழம்பாகிவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் அங்கே செத்த பறவைகள் எல்லாம் கண்ணாடியில் மோதிச் செத்தவை. நான் இழுத்த சுண்ணாம்பை மறுநாளே கழுவிவிட்டார்கள் என்று மாஸ்டர் போனில் சொன்னார்.